சத்தமில்லாத வாத்து

அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலையும் கழற்றி வைத்துவிட வேண்டும். எழுதி ஒட்டாத சட்டம் அது. பால்காரர் மணி அடிக்க மாட்டார், கதவை நகத்தால் சுரண்டிவிட்டு நிற்பார். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவை விரலால் காட்டுவார்கள். இதெல்லாம் பரவாயில்லை. சந்தையில் காய்கறி விற்கிற அண்ணி இருக்கிறாளே, அவள் தக்காளி விலையைச் சொன்னால் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவனுக்குக் கேட்கும். அவளே அந்த வாசலுக்கு வந்ததும் பூனையாகிவிடுவாள். அவளை அடக்கிவைத்த வீடு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ரொட்டிக்காரன் தூக்கத்துக்காகத்தான். ரொட்டிக்காரன் அண்ணியின் தம்பி. பேக்கரியில் ராத்திரி முழுக்க அடுப்பு வேலை. ஊர் விளக்கேற்றும் நேரத்துக்குக் கிளம்பினால், காலையில் புருவத்தில் மாவும் கையில் சூடான ஒரு பன்னுமாகத் திரும்புவான். குளித்துவிட்டுத் தலையைச் சாய்த்தால் அவனுக்கு அப்போதுதான் ராத்திரி. வீடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஓர் அறை, ஒட்டினாற்போல் ஓர் அடுக்களை. அறைக்கு நடுவே ஒரு துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கம் கட்டில். இந்தப் பக்கம் அவன் பெண்டாட்டியின் தையல் மிஷின், வெட்டின துணி, வெட்டாத துணி, நூல்கண்டு, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பெண் பிள்ளை.

பகலில் மிஷின் ஓடாது. பகல் முழுக்கத் தையல்காரிக்குக் கைவேலைதான். சட்டைக்குக் காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, பாவாடை ஓரம் மடித்துத் தைப்பது, தப்பாகப் போன தையலைப் பிரிப்பது. கத்தரிக்கோலைக்கூட மேஜையில் வைக்காமல் மடித்த துண்டின் மேல்தான் வைப்பாள். அவன் வேலைக்குக் கிளம்பித் தெருமுனை திரும்பின பிறகுதான் மிஷினுக்கு உயிர் வரும்.

இவ்வளவு பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. பிள்ளை பிறந்த புதிதில், அவள் அழுகிற அழுகையில் ரொட்டிக்காரனுக்குச் சரியான தூக்கமே இல்லை. ஒருநாள் அடுப்பின் முன்னாலேயே கண் அசந்து, சூட்டுத் தட்டு சரிந்து, முழங்கைக்குக் கீழே தோல் வெந்துபோனது. கட்டுப் போட்ட கையோடு வந்து படுத்தான். அந்த நேரம் பார்த்துக் கத்தரிக்கோல் தரையில் விழுந்து தொலைத்தது. "ஒரு மனுஷன் கொஞ்சம் தூங்கக்கூடாதா இந்த வீட்ல?" என்று ஒரு கத்துக் கத்தினான். அவ்வளவுதான். அன்றைக்கு வாயை மூடினவள்தான் தையல்காரி. அதற்கப்புறம் அந்த வீட்டில் பகலில் யாரும் பேசவில்லை, கிசுகிசுத்தார்கள்.

பிள்ளைக்கு நல்ல பேர் ஒன்று வைத்திருந்தார்கள். ஆனால் கன்னம் இரண்டும் உப்பி, மேலே பால் தடவினது போல மினுமினுவென்று இருந்ததால் அப்பாக்காரன் பன்னு என்று கூப்பிடப்போய் அதுவே நிலைத்துவிட்டது. பன்னு சமர்த்து. அதாவது, கையில் போன் இருக்கிறவரை சமர்த்து. அழுகை உதட்டோரம் எட்டிப் பார்க்கும்போதே போன் அவள் கைக்குப் போய்விடும். அதில் ஒரு வாத்துக் குடும்பம் வரும். அம்மா வாத்து தொப்பி போட்டிருக்கும். மூன்று குஞ்சுகள். குளத்துக்குப் போகும், சேற்றில் விழும், குளிக்கும், சாப்பிடும். வாயைத் திறந்து திறந்து மூடும். பேசுகிறதா பாடுகிறதா யாருக்குத் தெரியும்? சத்தம்தான் வைப்பதில்லையே.

இந்த விஷயத்தில் தையல்காரிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. மற்ற வீட்டுப் பிள்ளைகள் போனை அலறவிட்டுக் காதைக் கெடுத்துக்கொள்கின்றன. நம் பிள்ளை படம் மட்டும்தானே பார்க்கிறது? படப் புத்தகம் பார்ப்பது மாதிரி என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நினைப்பில் மண் விழுந்தது ஒரு மத்தியானம். அண்ணி சந்தை முடிந்து, மிஞ்சின வெண்டைக்காயைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். செருப்பையும் குரலையும் வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"கேளுங்க அண்ணி. மெதுவா கேளுங்க."

"மெதுவாத்தான் கேக்கறேன். இதுக்கு மேல மெதுவான்னா கடுதாசிதான் போடணும். பிள்ளைக்கு ரெண்டு வயசு தாண்டிருச்சு. அம்மான்னு ஒரு வார்த்தை வரலையே இன்னும்?"

"லேட்டா பேசற பிள்ளைங்களும் இருக்கே அண்ணி."

"இருக்கு, நான் இல்லேங்கல. ஆனா நான் உள்ள வந்தப்ப பன்னுன்னு கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. போன வாரமும் இப்படித்தான். எனக்கு மனசுக்குள்ளயே அரிச்சிட்டு இருக்கு." அண்ணி இன்னும் கிட்டே வந்தாள். "காது கேக்குதான்னு பாத்தியா?"

ஊசி விரலில் ஏறிவிட்டது. கையில் இருந்தது வெள்ளைச் சட்டை. ரத்தம் பட்டுவிடுமே என்று சட்டென்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள் தையல்காரி. விரலை எடுத்ததும் கிசுகிசுத்தாள்.

"அழறாளே அண்ணி. நல்லாத்தான் அழறா."

"அழறது எல்லாப் பிள்ளைக்கும் வரும்மா."

"ஷ்ஷுன்னு சொல்றாளே. நான் விரலை வச்சுக் காட்டினா அவளும் வச்சுக்கிட்டு ஷ்ஷுங்கறா."

"அதுல காத்துதான வருது? குரல் எங்க வருது?"

அண்ணி போன பிறகு தையல்காரி பன்னுவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஒரு வழக்கம் உண்டு. கிட்டே வந்து, அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயை அகலமாகத் திறந்து திறந்து மூடுவாள். ஒரு சத்தமும் வராது. தண்ணீரா, பாலா, போனா என்று இவளே ஊகித்துக் கொடுத்துவிடுவாள். இத்தனை நாளும் அது செல்லமாக இருந்தது. இன்றைக்கு அதே வாய் திறந்து மூடினபோது, குரல் ஏதாவது வருகிறதா என்று காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

பின்னால் நின்று கைதட்டிப் பார்க்கலாமென்று கையை ஓங்கினாள். திரைக்கு அந்தப் பக்கம் அவன் புரண்டு படுத்தான். ஓங்கின கை அப்படியே நின்றுவிட்டது. தன் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க ஒரு கைதட்டல் தட்ட முடியவில்லை. என்ன வீடு இது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது. பிள்ளையைப் போனோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் வெளியே போய் இறக்கிவிட்டு, அவள் முதுகுப் பக்கம் நின்று பளீரென்று கைதட்டினாள். பன்னு வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இமைகூட அசையவில்லை.

சாயங்காலம் அவன் எழுந்து டீ குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னாள்.

ரொட்டிக்காரனுக்குப் பயம் வந்தால் விளையாட்டாகப் பேசுவான். "பன்னு அடுப்புல இருக்கறப்ப திறந்து திறந்து பாக்கக்கூடாதுடி. உப்பி வரட்டும், தானா வரும்."

"பிள்ளை பன் இல்லைங்க." அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "கையைத் தட்டினேன், திரும்பல. நான் அம்மான்னு கேக்காமலே செத்துருவேனோன்னு பயமா இருக்கு."

அவன் டீயைக் கீழே வைத்தான். ஆறி ஆடை படிகிறவரை எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை அவன் பேக்கரியிலிருந்து வந்ததும் குளிக்கவும் இல்லை, படுக்கவும் இல்லை. மாவுப் புருவத்தோடு அப்படியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். அண்ணி சந்தைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தாள். மூன்று பேரும் பஸ் ஏறிக் காது டாக்டரைப் பார்க்கப் போனார்கள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். பன்னு அம்மாவின் மடியில். போன் பையில் இருந்தது. தாடையைத் திருப்பித் திருப்பி வாயைத் திறந்து மூடிக் கேட்டாள். தையல்காரிக்குக் கொடுக்க மனம் வரவில்லை. கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. பைக்குள் கையை விட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போது அங்கே இருந்த பெண் ஒருத்தி, காத்திருக்கிற பிள்ளைகளுக்காகச் சுவரில் இருந்த டிவியைப் போட்டாள். வந்தது சாட்சாத் அதே வாத்து. அதே தொப்பி, அதே மூன்று குஞ்சு. டிவியில் சத்தமும் நன்றாக வைத்திருந்தார்கள். அம்மா வாத்து வாயைத் திறந்ததுதான் தாமதம், "க்வாக், க்வாக், வாங்க வாங்க குளத்துக்கு!" என்று கூடமே அதிர்ந்தது.

பன்னுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி வாத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். மறுபடி வாத்தைப் பார்த்தாள். முகம் கோபத்தில் சுருங்கியது. மடியிலிருந்து சறுக்கி இறங்கினாள். குடுகுடுவென்று டிவிக்கு அடியில் போய் நின்று, அண்ணாந்து, விரலை உதட்டில் வைத்தாள்.

"ஷ்ஷ்ஷ்!"

கூடமே சிரித்தது. அண்ணி அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்துவைத்துச் சிரித்தாள். "அடி என் ராசாத்தி! வாத்தையே அதட்டறா பாரு!"

தையல்காரி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவனின் வெந்த கையை இறுகப் பிடித்தாள்.

"ஏங்க. அவளுக்குக் கேக்குது."

"என்னது?"

"கேக்குதுங்க! கேட்டதுனாலதான அதட்டறா! அப்பா தூங்கறார், சத்தம் போடாதேங்கறா!"

ரொட்டிக்காரன் பிள்ளையைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். சட்டையில் இருந்த மாவு கண்ணில் பட்டு இன்னும் அதிகமாகத் தண்ணீர் வந்தது. "மாவு, மாவு" என்று சொல்லிக்கொண்டான். யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

வாத்து அடங்காததைப் பார்த்துப் பன்னு அவர்களிடம் திரும்பி வந்தாள். டிவியைக் கையால் காட்டி, வாயை அகலமாகத் திறந்து திறந்து மூடினாள். அந்த வாயைத் தையல்காரி இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். வாத்து திறக்கிற மாதிரியே திறந்து, வாத்து மூடுகிற மாதிரியே மூடினாள். பிள்ளை பேசாமல் இல்லை. இத்தனை நாளாகப் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். அவள் வீட்டில் பேச்சென்றால் அதுதானே!

உள்ளே ஒரு சின்ன அறையில் பன்னுவை உட்காரவைத்து, இந்த மூலையிலிருந்தும் அந்த மூலையிலிருந்தும் விதவிதமாகச் சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் திரும்பினாள். எல்லாவற்றுக்கும் விரலை உதட்டில் வைத்தாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"காது ரெண்டும் நல்லா இருக்கு. பயப்பட ஒண்ணும் இல்ல."

தையல்காரிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அண்ணி அங்கேயே டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வீட்ல போன் பாக்குதா?" என்றாள் டாக்டரம்மா.

"எப்பவாவது" என்றான் ரொட்டிக்காரன்.

"சாப்பிடறப்ப மட்டும்" என்றாள் தையல்காரி.

"நல்லா இருக்கே கதை!" என்றாள் அண்ணி. "டாக்டரம்மா, காலைல கண்ணு முழிச்சா போன், கண்ணு சொருகினா போன். நடுவுல சாப்பாடும் உண்டு, அதுக்கும் போன்."

ரொட்டிக்காரன் அவசரமாக முன்னால் வந்தான். "ஆனா ஒண்ணு டாக்டர். சத்தம் மட்டும் வைக்கவே மாட்டோம். காது கெட்டுப்போகும்ல?"

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். தையல்காரிதான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தூக்கம், திரை, கிசுகிசுப்பு, துண்டின் மேல் வைக்கிற கத்தரிக்கோல், எல்லாம்.

"உங்களைத் திட்டப்போறதில்லம்மா" என்றாள் டாக்டரம்மா. "ரெண்டு பேரும் வேலை பாக்கறீங்க, கை வேணும். ஆனா ஒண்ணு யோசிங்க. இவ ஏதோ சொல்றா. அந்த வாத்து இவ சொன்னதைக் கேட்டு நிக்குமா? அது பாட்டுக்குக் குளத்துக்குப் போயிரும். நீங்க நிப்பீங்க. பிள்ளைக்குப் பேச்சு வரணும்னா, நின்னு கேக்கற ஆள் வேணும். போன்ல மூழ்கிட்டா காது கேட்டாலும் பிள்ளை திரும்பாது, இப்போதைக்கு அதை எடுத்து வச்சிருங்க. நீங்க என்ன வேலை செய்றீங்களோ அதையே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. பின்னால என்னைக்காவது வாத்து பாக்கணும்னா பக்கத்துல உக்காந்து, சத்தத்தோட, இது என்ன அது என்னன்னு பேசிக்கிட்டே கொஞ்ச நேரம் பாருங்க."

"பேச்சு வந்துருமா டாக்டர்?"

"வரும்னு நம்பறேன். ஒரு மூணு மாசம் பாருங்க. வரலைன்னா கூட்டிட்டு வாங்க, மேல என்ன செய்யலாம்னு பாப்போம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். எப்படியோ ரொட்டிக்காரனுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. பஸ் ஒரு பழைய தகர டப்பா. கண்ணாடி கடகடவென்று ஆடியது, டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை, கண்டக்டர் காதுக்குள் விசில் ஊதினார். அண்ணி முன் சீட்டுக்காரியிடம் ஆஸ்பத்திரிக் கதை முழுவதையும் சந்தைக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ரொட்டிக்காரன் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கினான்.

தையல்காரி அவனையே பார்த்தாள். ஹாரன் அடித்தது. அசையவில்லை. விசில் அலறியது. அசையவில்லை. இந்த மனுஷனுக்கா ஒரு ஊசி விழாமல் பார்த்துக்கொண்டேன் என்று அவளுக்குக் கோபம் வந்தது. இறங்குகிற இடம் வந்ததும் தோளைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள்.

தெருவில் நடக்கும்போது கேட்டாள். "எப்படிங்க தூங்கினீங்க அவ்வளவு சத்தத்துல?"

"பஸ் சத்தம்தான. நல்லா தாலாட்டின மாதிரி இருந்துச்சு. பேக்கரியில மாவு பிசையற மிஷின் ஓடும் பாரு, மூட்டை மேல சாஞ்சா அப்படியே சொக்கும். மிஷின் நின்னாத்தான் முழிப்பு வந்துரும்."

"அப்ப வீட்ல?"

அவன் தலையைச் சொறிந்தான். "வீட்லதான் சரியாத் தூக்கம் வர்றதில்ல. மயான அமைதியா இருக்கா, நீ நூலை அறுக்கற சத்தத்துக்குக்கூட முழிச்சுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கீங்களா இல்லையான்னே தெரியாது."

"அடப்பாவி மனுஷா!" நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "நீங்கதான கத்தினீங்க, ஒரு மனுஷன் தூங்கக்கூடாதான்னு!"

"எப்ப?"

"கை வெந்தப்ப!"

"அது வலியில கத்தினதுடி. மறுநாளே மறந்துட்டேன். உனக்குத்தான் அமைதி பிடிக்கும்போலன்னு நான் நினைச்சுட்டு இருந்தேன்."

"எனக்கா? எனக்கா அமைதி பிடிக்கும்?"

அண்ணி இடுப்பில் கை வைத்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்ல ஜோடிடா சாமி. கேட்டுக்கறதுக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தா என்னவாம்? வாய்க்கு என்ன வாடகையா?" என்றாள். சொல்லிவிட்டு அன்றைக்கு அந்த வாசலில் செருப்பை மட்டும் கழற்றினாள்.

போனை உயரத்தில், துணி மூட்டைக்குப் பின்னால் வைத்தார்கள். பன்னு விடுவாளா? முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் உருண்டு அழுதாள். அது அழுகையா, எட்டு வீட்டுக்கும் சேர்த்து வைத்த மைக்செட்டா என்று தெரியவில்லை. பால்காரர் கதவைச் சுரண்டிவிட்டுப் பயந்துபோய், "உள்ள எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். "நல்லா இருக்கோம்ணா, நல்லா இருக்கோம்" என்றாள் தையல்காரி. பிள்ளையின் முழுக் குரலை அவளே அன்றைக்குத்தான் கேட்டாள். கஷ்டமாகவும் இருந்தது, ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. இவ்வளவு குரலும் உள்ளேதானே இருந்திருக்கிறது!

பேசுவதென்று உட்கார்ந்தால் அவளுக்கே வாய் பழகவில்லை. யாரோ ஒட்டுக்கேட்கிற மாதிரி கூச்சமாக இருந்தது. முதலில் கையில் இருந்ததிலிருந்து ஆரம்பித்தாள். "இது பட்டன். இது ஓட்டை. இந்தப் பட்டன் இந்த ஓட்டைக்குள்ள போகணும். போகமாட்டேங்குது பாரு, திமிரு. போயிருச்சு!" பன்னு வாயைப் பார்த்தாள், பட்டனைப் பார்த்தாள். மிஷினும் பகலில் ஓடத் தொடங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் ரொட்டிக்காரனின் குறட்டை மிஷினுக்குப் போட்டியாக ஓடியது. மிஷின் நின்றால், "என்னாச்சு?" என்று தூக்கக் கலக்கத்தில் அவன் குரல் வரும். "நூல் மாத்தறேன், தூங்குங்க" என்பாள்.

ஆனால் பன்னு இன்னும் வாத்து வாய்தான் பேசினாள். தாடையைத் திருப்புவாள், திறந்து மூடுவாள். மெல்ல ஏதாவது ஒரு "ம்", ஒரு "ஆ" வரும். பாத்திரம் விழுந்தால் கைகொட்டிச் சிரிப்பாள். வார்த்தை மட்டும் வரவில்லை. டாக்டரம்மா சொன்ன கெடு நெருங்க நெருங்க, காஜா எடுக்கும்போது தையல்காரியின் கை அடிக்கடி நின்றது.

அப்படி ஒரு நாள். வெயில் ஜன்னல் வழியே வந்து தரையில் கிடந்த நூல் துண்டுகளின் மேல் விழுந்திருந்தது. ரொட்டிக்காரன் கொண்டுவந்த பன் தட்டில் இருந்தது. அதை அவன் கையால் பிய்த்துக் கொடுத்தால்தான் பன்னு சாப்பிடுவாள். அன்றைக்குப் பார்த்து அவன் வந்ததும் படுத்துவிட்டான். பன்னு தட்டைத் தூக்கிக்கொண்டு திரையை விலக்கிக் கட்டிலருகே போனாள்.

தாடையைப் பிடித்துத் திருப்பினாள். திரும்பினான், ஆனால் கண் மூடியே இருந்தது. வாயை அகலமாகத் திறந்து திறந்து மூடினாள். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறவனுக்கு வாய் அசைவு எப்படித் தெரியும்? இன்னொரு தடவை திறந்து மூடினாள். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

தையல்காரி எழுந்து போயிருப்பாள். அப்போதுதான் கவனித்தாள், அவன் இமை துடித்தது. முழித்துக்கொண்டுதான் இருக்கிறான் திருட்டு மனுஷன். இமை இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு இன்னும் இறுக்கி மூடிக்கொண்டான். அவளுக்குப் புரிந்தது. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தாள்.

பன்னு தட்டைக் கீழே வைத்தாள். அப்பாவின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். உதட்டை மடித்து மூடி, கன்னத்தை உப்பி, நெற்றியைச் சுருக்கினாள்.

"ப்பா."

அவன் அசையவில்லை.

"ப்பா!" இன்னும் கொஞ்சம் சத்தமாக. பிறகு காலைத் தரையில் உதைத்து, "அப்பா!" என்றாள்.

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூடின இமையின் ஓரத்தில் அவனுக்கும் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

"எந்திரிங்களேன்" என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக. "பாவம், பிள்ளை கூப்பிடுது."

"இரு" என்றான் அவன், கண்ணை மூடியபடியே. "இன்னொரு தடவை கூப்பிடட்டும்."

பன்னு இடுப்பில் கை வைத்து, மூச்சை நன்றாக இழுத்து, அத்தைக்காரியின் சந்தைக் குரலில் கூப்பிட்டாள். தெருவில் போய்க்கொண்டிருந்த யாரோ ஒரு அப்பா, தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.